வெளிநாட்டு வேளாண் உதவியால் சிறு விவசாயிகளின் வாழ்வாதாரம் உயர்கிறதா, நசிகிறதா?

உதவி எவ்வளவு வருகிறது என்பதைவிட, வந்த பொருள் உள்ளூர்ச் சந்தையில் என்ன விலைக்கு இறங்குகிறது, அதை விற்ற பணம் யார் கைக்குப் போகிறது என்பவைதாம் சிறு விவசாயியின் பிழைப்பைத் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து. பணக்கார நாடுகளின் உபரி விளைபொருள் இரண்டு இடங்களில் நேரெதிரான விளைவைத் தந்திருக்கிறது. ஒன்று கரீபியன் நாடான ஹைத்தி, மற்றொன்று இந்தியா.

1980களின் தொடக்கம்வரை தனக்கு வேண்டிய அரிசியைப் பெரும்பாலும் தானே விளைவித்துக்கொண்ட நாடு ஹைத்தி. ஆர்ட்டிபொனிட் ஆற்றுப் பள்ளத்தாக்குதான் அதன் நெற்களஞ்சியம். கடனும் நிதியுதவியும் வேண்டுமானால் சந்தையைத் திறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு, 1995இல் அரிசி இறக்குமதி வரி 50 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி, உள்ளூர் விவசாயியால் கட்டுப்படியாகாத விலையில் வந்து குவிந்தது. அந்த அரிசிக்கு மக்கள் வைத்த பெயரே மயாமி அரிசி. நிலத்தை விட்டவர்கள் தலைநகர் போர்ட்டோ பிரின்ஸின் குடிசைப் பகுதிகளில் போய்ச் சேர்ந்தார்கள். இந்தக் கொள்கை தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்குப் பயன்பட்டிருக்கலாம், ஹைத்திக்குப் பயன்படவில்லை என்று முன்னாள் அதிபர் பில் கிளிண்டனே 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

அரிசிக்கு முன்பே அங்கே ஒரு பன்றிக் கதை நடந்திருந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அண்டை நாடான டொமினிக்கன் குடியரசில் 1978இல் கண்டறியப்பட்டு ஹைத்திக்கும் பரவியபோது, நோய் தங்கள் நாட்டுப் பண்ணைகளை எட்டிவிடும் என்று அமெரிக்கா அஞ்சியது. அமெரிக்க நிதியுடன், ஹைத்தியின் நாட்டுப் பன்றிகள் அநேகமாக முழுவதுமே கொன்றொழிக்கப்பட்டன. கிரியோல் பன்றி எனப்பட்ட அந்தக் கறுப்புப் பன்றி, சமையற்கழிவையும் உதிர்ந்த மாம்பழத்தையும் தின்று தானாக வளரும். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், கல்யாணம், சாவு எது வந்தாலும் விற்றுப் பணமாக்கிக்கொள்ளக்கூடிய சேமிப்பு அதுதான். அதற்கு மாற்றாக அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பன்றிகளுக்குச் சுத்தமான நீர், விலைகொடுத்து வாங்கும் தீவனம், சிமென்ட் தரை, கூரை எல்லாம் வேண்டியிருந்தன. தாங்களே ஒழுகும் கூரையின் கீழ் இருந்த விவசாயிகள் அவற்றை நான்கு கால் இளவரசர்கள் என்று கேலி செய்தார்கள். உதவியைத் திட்டமிட்டவர்கள் ஒரு குடியானவரின் முற்றத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் போதும், இது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

இனி இந்தியா. இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் மலைபோலத் தேங்கிய பால்பொடியும் வெண்ணெய் எண்ணெயும் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தின் வழியாக 1970 முதல் இங்கே நன்கொடையாக வந்தன. அவற்றை இலவசமாகவோ அடிமாட்டு விலைக்கோ சந்தையில் விட்டிருந்தால் நம் பால் உற்பத்தியாளர்களும் ஆர்ட்டிபொனிட் விவசாயிகளின் கதிக்கே ஆளாகியிருப்பார்கள். வர்கீஸ் குரியன் தலைமையிலான தேசியப் பால்வள வாரியம், நன்கொடைப் பொருளை மாநகரப் பால்பண்ணைகளில் பாலாக மாற்றி, உள்ளூர் விலையைக் கெடுக்காமல் விற்றது. அந்தப் பணத்தில் குளிரூட்டும் நிலையங்களும் கிராமச் சங்கங்களும் எழுந்தன. ஆபரேஷன் ஃப்ளட் (வெண்மைப் புரட்சி) எனப்பட்ட இந்தத் திட்டத்தின் முதல் கட்டத்தில் டெல்லி, மும்பை, கொல்கத்தாவோடு சேர்க்கப்பட்ட நான்காவது மாநகரம் சென்னை. 1996இல் திட்டம் முடிந்தபோது நாட்டில் 70,000க்கும் மேற்பட்ட சங்கங்கள் இருந்தன.

சங்கத்தில் பால் ஊற்றிய வீட்டில் வளர்ந்தவன் என்ற முறையில் இதன் பொருள் எனக்குத் தெரியும். செயலாளர் பாலை அளந்து, சிறு புட்டியில் மாதிரி எடுத்து, பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்த்து, அட்டையில் குறித்துக் கொடுப்பார். ஒரே ஒரு எருமை வைத்திருந்த பாட்டிக்கும் பத்து மாடு வைத்திருந்தவருக்கும் அளவை ஒன்றுதான். மாட்டுத் தீவனம் கடனாகக் கிடைக்கும். பால் பணத்தில் கழித்துக்கொள்வார்கள். மேய்ச்சல் நிலமோ சொந்தத் தீவனப் பயிரோ இல்லாதவர்களுக்குத் திட்டம் ஊக்குவித்த கலப்பின மாடு கட்டுப்படியாகவில்லை என்ற விமர்சனமும் உண்மையே.

உணவு உதவியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிறு விவசாயிகளில் பலர் ஆண்டின் சில மாதங்கள் விலைக்கு வாங்கித்தான் சாப்பிடுகிறார்கள், பஞ்ச காலத்தில் கப்பலில் வரும் தானியம் அவர்களுடைய உயிரையும் காக்கிறது. ஆபத்து, அந்தத் தானியம் தாமதமாகி அறுவடை நேரத்தில் வந்து இறங்கும்போதுதான். அமெரிக்க உணவு உதவியில் கணிசமான பகுதி சட்டப்படி அமெரிக்காவிலேயே வாங்கப்பட்டு, அதில் பாதியாவது அமெரிக்கக் கப்பல்களில் ஏற்றப்பட வேண்டும் என்பதால் இந்தத் தாமதம் எளிதில் நேர்கிறது.

இதற்கு மாற்றாக, 2008இல் உலக உணவுத் திட்டம் 20 நாடுகளில் சிறு விவசாயிகளின் அமைப்புகளிடமிருந்தே தானியம் வாங்கிப் பார்த்தது. அணுகுமுறை சரியானது. ஆனால் ஈரப்பதமும் தரமும் சோதிக்கப்பட்டுப் பணம் கைக்கு வரத் தாமதமாகும்போது, அவசரத் தேவையுள்ள விவசாயி வீட்டு வாசலில் ரொக்கம் நீட்டும் வியாபாரிக்கே குறைந்த விலையில் விற்றுவிடுகிறார். அந்த விவசாயியின் அமைப்பு தருவதாக ஒப்புக்கொண்ட மூட்டைக் கணக்கில் அந்த அளவுக்குத் துண்டு விழுகிறது.