பூட்டின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

கேள்வி: ஐஸ் ஆலையொன்றில் பராமரிப்புப் பணி செய்கிறேன். ஐஸ் உடைக்கும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கும்போது பீஸ் கட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். இப்போது ஆளுக்கொரு பூட்டும் எச்சரிக்கை அட்டையும் தந்து பயிற்சி நடத்துகிறார்கள். இது அவசியந்தானா?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: அவசியமே. பீஸ் கட்டை உங்கள் பையில் இருந்தாலும், படகுக்கு ஐஸ் ஏற்றும் அவசரத்தில் ஒருவர் வேறொன்றைச் செருகிவிடலாம். (செம்புக் கம்பியை முறுக்கி வைக்கும் கைகளும் நம்மூரில் உண்டு.) மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்திருக்க வேண்டும், இருவர் வேலை செய்தால் பூட்டும் இரண்டு. அட்டை எச்சரிக்குமே தவிர, தடுக்காது.

மின்சாரத்தை நிறுத்துவதோடு ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. உருளையின் பற்களில் ஐஸ் சிக்கி இயந்திரம் நின்றிருந்தால் பெல்ட்டில் இழுவிசை தேங்கியிருக்கக்கூடும். கட்டியைத் தட்டி எடுத்த கணமே உருளை சற்றுச் சுழலும், விரல் போவதற்கு அதுவே போதும். ஆகவே பெல்ட்டைத் தளர்த்தி, உருளைக்கு முட்டுக்கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். ஆலையைக் குளிரூட்டும் அமோனியாக் குழாயில் இரு வால்வுகளுக்கிடையே அடைபட்ட அழுத்தம் இதைவிடக் கொடியது; அதற்கெனப் பயிற்சி பெற்றவர் அதை வெளியேற்றும்வரை ஒரு போல்ட்டையும் தொடாதீர்கள்.

பூட்டியபின், அருகில் எவரும் இல்லாததை உறுதிசெய்து, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி, இயந்திரம் ஓடவில்லைதானா என்று பாருங்கள். பலரும் விட்டுவிடுவது இந்தச் சோதனையைத்தான். அமெரிக்காவில் 1989-இல் வெளியான விதி, இத்தகைய நடைமுறையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆய்வு செய்யச் சொல்கிறது. உங்கள் பயிற்சியும் வகுப்பறையோடு நிற்காமல், நீங்கள் கைவைக்கும் அதே இயந்திரத்தருகே நடக்க வேண்டுமெனக் கேளுங்கள்.