கண்மாய்க்குப் பறவை வர என்ன செய்யலாம்?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர். கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம். பொக்லைன் விட்டு எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கன்று நடலாம் என்று கிராம சபையில் பேசுகிறார்கள். பறவைகள் திரும்பி வருமா?

பதில்: அது மட்டும் போதாது. முதலில் தண்ணீர் வேண்டும், மரம் அப்புறம்தான். மேல்கண்மாயின் கலுங்கிலிருந்து (நிறைந்த நீர் வழிந்து வெளியேறும் இடம்) உங்கள் கண்மாய்வரை, தண்ணீர் வரும் வரத்துக்கால் வழியே நடந்து பாருங்கள். எங்கே தூர்ந்திருக்கிறது, யார் மறித்திருக்கிறார்கள் என்பதைக் கிராம வரைபடத்தில் குறியுங்கள். சண்டை வருவதும் இந்த இடத்தில்தான். அதனாலேயே பல ஊர்களில் இதை விட்டுவிட்டுக் கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

சீமைக்கருவேலம் போகத்தான் வேண்டும். ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். கொக்கும் நாரையும் இப்போது அதில்தான் அடைகின்றன என்றால் அந்தப் பகுதியைக் கடைசிக்கு வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிக் குஞ்சுகள் பறக்கும்வரை அங்கே இயந்திரம் போகக்கூடாது, கோடையில் செய்யுங்கள். வேரை விட்டுவிட்டு மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். ஆடு மாடு நெற்றைத் தின்று விதையைப் பரப்பும். எனவே அடுத்தடுத்த மழைக்கு முளைக்கும் கன்றுகளை ஈரத்திலேயே கையால் பிடுங்க ஆள் ஒதுக்குங்கள். பணம் ஒதுக்க மறப்பதும் இதற்குத்தான்.

தூர்வாரும்போது உள்வாயை, அதாவது தண்ணீர் நிற்கும் உட்பகுதியை, கிண்ணம்போல ஒரே ஆழமாகத் தோண்டாதீர்கள். கரையோரம் சரிவாக, முழங்கால் ஆழத்துக்குள் இருந்தால்தான் நடந்து மேயும் பறவைகளுக்கு இரை கிடைக்கும். எடுத்த மண்ணில் கொஞ்சத்தை நடுவே திட்டாக்கி நாட்டுக்கருவேலம் வையுங்கள். வேர் தண்ணீரில் நின்றாலும் தாங்கும். சுற்றிலும் நீர் இருந்தால் நாயும் கீரியும் கூட்டை எளிதில் நெருங்காது. கரைக்கு வெளியே நட வீரை, உசில் மர விதைகள் பக்கத்துக் கோயில்காட்டில் கிடைக்கலாம். சாமி காட்டில் கைவைக்கப் பூசாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்மாய் நீர்வளத்துறையுடையதா, ஊராட்சி ஒன்றியத்துடையதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிந்துகொண்டு, அனுமதி வாங்கிய பிறகே இயந்திரத்தை இறக்குங்கள். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சிக்குப் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவின் ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ என்ற ஏட்டில் பறவைகளையும் அவை அடையும் மரங்களையும் எழுத வையுங்கள்.

மீன்பாசிக் குத்தகையையும் (கண்மாயில் மீன் பிடிக்க விடும் குத்தகை) இப்போதே பேசிவிடுங்கள். மீனுக்காகத் தண்ணீரை வடித்தால் குஞ்சுகள் பாதி வளர்ந்திருக்கும்போதே பறவைகள் கூட்டை விட்டுக் கிளம்பிவிடும். வெடி போட்டு விரட்டுவதும் கூடாது. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடிப்பதில்லை. உங்கள் ஊர்க்காரர் நாலு பேரை அங்கே கூட்டிப் போய்ப் பேசவிடுங்கள்.