வெட்ட வெட்டத் தழைக்கும் பாலிப்புகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரு பவளத் தொட்டி ஓரளவு நிலைபெற்றதும், நாம் வளர்க்க நினைத்தது அடங்கியிருக்க, நினைக்காத பாலிப்புகள், அதாவது வாயும் அதைச் சுற்றிக் கைகளும் கொண்ட சிறு கடல் உயிர்கள், பாறையெல்லாம் படர்ந்து நிற்கும். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. கத்தியோ ஊசியோ எடுக்கும் முன் அந்த உயிர் எப்படிப் பெருகுகிறது என்று பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குப் பொறுமை வேண்டும்.

கேள்வி: பாறையில் இருந்த ஒரே ஒரு ஐப்டேசியாவை இடுக்கியால் பிடுங்கி எறிந்தேன். மூன்று வாரத்தில் அதே இடத்தில் ஆறு முளைத்துவிட்டன. எங்கே தவறு?

பிடுங்கியதுதான் தவறு. ஐப்டேசியா சிறிய கடல் சாமந்தி. அது நகரும்போது அடிப்பாதத்தின் ஓரத்திலிருந்து துணுக்குகளை உதிர்த்துக்கொண்டே போகும். கண்ணுக்குத் தெரியாத அளவுத் துணுக்கும் சில நாட்களில் வாயும் கைகளுமாக முழு உயிராகிவிடும். நீங்கள் இடுக்கியால் செய்ததும் அதே விதைப்புதான், கொஞ்சம் வேகமாக.

அதைப் பிடுங்காமல், இருக்கும் இடத்திலேயே கொல்ல வேண்டும். தூய கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது மீன் தொட்டிக்கென்றே விற்கும் நீற்றுச் சுண்ணாம்பை, மிகக் கொஞ்சம் நீர் விட்டுப் பசையாகக் குழைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பு வேண்டாம். எல்லாப் பம்புகளையும் நிறுத்திவிட்டு, மொண்ணை முனையுள்ள சிரிஞ்சை மேலிருந்து மெல்ல இறக்குங்கள். முனை உடலில் பட்டால் அது நொடியில் பொந்துக்குள் சுருங்கிவிடும். வாய்க்கு ஒரு விரல் அகலம் மேலே நிறுத்தி, ஒரு சொட்டு விட்டால் இரை என்று நினைத்துக் கைகளால் வாங்கிக்கொள்ளும். அது சுருங்கத் தொடங்கும்போது மீதிப் பசையால் பொந்தின் வாயையே அடைத்துவிடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பம்புகளைப் போடலாம்.

முதன்முதலில் இதைச் செய்தபோது எனக்கு அவசரம். ஊசியை அதன் தண்டிலேயே குத்தினேன். பழுப்பாக ஒரு புகை கிளம்பியது, வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு அந்தப் பாறையைச் சுற்றி எண்ணியதில் பதினொன்று இருந்தன.

ஒரே நாளில் நான்கைந்துக்கு மேல் தொடாதீர்கள். சுண்ணாம்பு நீரின் பிஎச் அளவை ஏற்றும். அளவு 8.5-ஐ நெருங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: பெப்பர்மின்ட் இறால் மூன்று விட்டேன். ஐப்டேசியாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

இருக்கலாம். ஒட்டக இறாலைப் பெப்பர்மின்ட் என்று விற்பது அடிக்கடி நடக்கிறது. முதுகு கூனி, சிவப்பு உடலில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் அழுத்தமாக இருந்தால் அது ஒட்டக இறால். அது உங்கள் நல்ல பாலிப்புகளையே கொறிக்கும். உடனே வெளியேற்றுங்கள். உண்மையான பெப்பர்மின்ட் கண்ணாடி போன்ற உடலும் மெல்லிய சிவப்புக் கோடுகளும் கொண்டது.

சரியான இறால்தான் என்றால், மீனுக்குப் போடும் உணவே அதன் வயிற்றை நிரப்புகிறது என்று அர்த்தம். அது இரவில்தான் வேட்டைக்கு வரும். அப்போதும் குட்டிகளைத்தான் தின்னும், பெரியவற்றைச் சீண்டாது. பெரியவற்றுக்குச் சுண்ணாம்பு, குட்டிகளுக்கு இறால் என்று பிரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஐப்டேசியாவை ஒழிக்க எது நல்லது, பெர்கியா நத்தையா, காப்பர்பேண்ட் வண்ணத்துப்பூச்சி மீனா?

என் ஓட்டு பெர்கியாவுக்கு. இந்த ஓடில்லாக் கடல் நத்தை ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. தின்றதன் கொட்டும் செல்களைச் செரிக்காமல் தன் முதுகு நீட்சிகளில் சேர்த்துவைத்து, தன் பாதுகாப்புக்கே பயன்படுத்திக்கொள்ளும். திருடியே ஆயுதம் சேர்க்கும் பிராணி! ஆனால் ஒன்றிரண்டை விட்டால் காணாமல் போய்விடும். கூட்டமாக விட்டு, அவை முட்டையிட்டுப் பெருக மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ராஸ் மீன்களும் பெப்பர்மின்ட் இறாலும் இதைத் தின்றுவிடும் என்பதால் இரண்டு உத்தியையும் சேர்த்துக் கையாளாதீர்கள். ஐப்டேசியா தீர்ந்ததும் நத்தைகள் பட்டினியால் சாகும். அதற்குள் தேவைப்படும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

காப்பர்பேண்டுக்குப் பெரிய தொட்டி வேண்டும். பல மீன்கள் உணவையே தொடாமல் மெலிந்து சாகின்றன. ஒரு களைக்காக ஒரு மீனைப் பலி கொடுப்பது எனக்கு உவப்பில்லை.

கேள்வி: ஒரு பாறை முழுக்கப் பழுப்பு நிறப் பொத்தான் பாலிப்புகள். பாறையை வெளியே எடுத்து வெந்நீரில் கொதிக்கவைத்தால் சுத்தமாகிவிடும் அல்லவா?

வேண்டாம். இந்த ஒரு சொல்லோடு முடித்திருப்பேன். ஆனால் ஏன் என்று தெரியாதவர்கள்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார்கள்.

பொத்தான் அளவில், மணல் துகள் பதிந்த தடித்த தோலோடு இருப்பவை பெரும்பாலும் பாலிதோவா. இவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஹவாய்த் தீவுகளில் மௌயியின் ஹானா பகுதிக் குட்டை ஒன்றின் உயிரியை ஈட்டி முனையில் தடவி எதிரியைக் கொன்றதாக அங்கே பழங்கதை உண்டு. அந்த உயிரியிலிருந்து 1971-இல் மூர், ஷோயர் என்ற இரு வேதியியலாளர்கள் இந்த நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். செல்களின் சவ்வில் உப்புகளைச் சமநிலையில் வைக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பை இது திறந்த ஓட்டையாக மாற்றிவிடும். எந்தப் பாலிப்பில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கொதிக்கவைத்தாலும் நஞ்சு அழியாது, நீராவியோடு வீடு முழுக்கப் பரவும். இப்படிப் பாறையைக் கொதிக்கவைத்து, அறைக்குள் இருந்த எல்லோரும் மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை பதிவாகியிருக்கின்றன. பிரஷ்ஷால் தேய்ப்பதும், வேகமாக நீர் பீய்ச்சுவதும், டிரில் போடுவதும் இதே ஆபத்துதான்.

செய்ய வேண்டியது இது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, தொட்டி நீர் நிரம்பிய வாளியில் பாறையை மூழ்கவைத்து, நீருக்குள்ளேயே பாலிப்பின் அடிப்பாறையோடு சேர்த்து உளியால் பெயர்த்தெடுங்கள். கையில் கீறல் இருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள். பாறையையே கைவிடுவதென்றால் திறந்த வெளியில், ஒரு பங்கு சாதாரண வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் என்ற கரைசலில் ஒரு நாள் முழுக்க மூழ்கவிட்டு அப்புறப்படுத்துங்கள். பிளீச்சோடு வினிகரோ வேறு அமிலமோ சேரவே கூடாது.

வேலைக்குப் பின் வாயில் உலோகச் சுவை, நடுக்கம், காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல், தசைவலி, கண் எரிச்சல் என எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போய், பாலிடாக்சின் என்ற பெயரைச் சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. அறிகுறிகளுக்குத்தான் சிகிச்சை. மருத்துவர் தானாக இதை ஊகிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: பச்சை ஸ்டார் பாலிப் அழகுக்காக வாங்கினேன். இப்போது மற்ற பவளங்களின் மேல் ஏறுகிறது.

இது துணுக்காக உதிர்வதில்லை, ஊதா நிறப் பாய் போல விரிகிறது. அதனால் வேலை எளிது. ஓரத்தை நகத்தால் தூக்கி, பாயைச் சுருட்டுவது போல ஒரே இழுப்பாக மெதுவாக உரியுங்கள். கண்ணாடியில் ஏறியது பிளாஸ்டிக் தகட்டால் தோல் போல வந்துவிடும். பாறையின் குழிகளில் தங்கிய ஊதாத் திட்டுகளை எபாக்சி களிம்பால் மூடுங்கள். விட்டால் அங்கிருந்தே மறுபடி கிளம்பும். மிச்சம் வைத்துக்கொள்ள ஆசையிருந்தால், வேறெந்தப் பாறையையும் தொடாதபடி மணலின் நடுவே தனித் தீவாக வையுங்கள். உரித்த அன்று சம்ப்பில், அதாவது தொட்டியோடு இணைந்த வடிகட்டித் தொட்டியில், நீரைச் சுத்தமாக்கும் புதிய கரியைப் போடுவது நல்லது. மென்பவளங்கள் காயம்பட்டால் நீரில் வேதிப்பொருள்களை விடும்.

கேள்வி: ஜீனியா என்ற மென்பவளமும் படர்கிறது. அதை எப்படி நீக்குவது?

தண்டை வெட்டினால் பாதம் தங்கும், பாதத்திலிருந்து மறுபடி வரும். அது ஏறிய சிறு பாறையோடு எடுத்துவிடுவதே வழி. சில சமயம் அது சொல்லாமல் கொள்ளாமல் தானே கரைந்தும் போகும். அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: தீவனத்தைக் குறைத்தால் இவை பட்டினியால் சாகுமா?

சாகாது. இவற்றின் திசுக்களில் வாழும் பாசிகள் ஒளியிலிருந்து உணவு சமைத்துக் கொடுக்கின்றன. அளவுக்கு மீறிய தீவனம் பரவலை வேகப்படுத்தும் என்பது உண்மைதான். ஆனால் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்குக் கொண்டுபோனால் நல்ல பவளங்கள்தான் முதலில் வெளிறும். டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்களின் சளி வேறு படரலாம்.

கேள்வி: நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து, பாறையில் படரும் ஹைட்ராய்டு என்ற சிறு கொட்டும் உயிர்களைக் கொல்லுமாமே?

ஃபென்பெண்டசோலைச் சொல்கிறீர்கள். கொல்லும். கூடவே ஜீனியா, ஸ்டார் பாலிப், கிராம்புப் பாலிப் ஆகியவற்றையும் கொல்லும். நத்தைகளுக்கும் ஆபத்து. மருந்து பாறையின் துளைகளில் நெடுநாள் தங்கிவிடும். முழுத் தொட்டியில் விடாதீர்கள். எடுக்கக்கூடிய பாறையென்றால் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: மணல் ஓரத்தில் இறகுக் கொத்து போல ஒன்று இருக்கிறது. நிழல் பட்டாலே மறைந்துவிடுகிறது. சுண்ணாம்பு போடலாமா?

டார்ச் அடித்து அடியைப் பாருங்கள். தோல் போன்ற அல்லது சுண்ணாம்பு போன்ற குழாய் இருந்து, அதற்குள் முழுவதும் இழுத்துக்கொண்டால் அது இறகுப் புழு. நீரை வடிகட்டித் தின்னும் சாது. ஐப்டேசியாவுக்குக் குழாய் கிடையாது, கைகளில் இறகுக் கிளைகளும் கிடையாது. சிரிஞ்சைக் கழுவி உள்ளே வைத்துவிடுங்கள்.