பீரியட்ஸ் தள்ளிப்போச்சு: யூடியூபை நம்பவா, மெடிக்கல்காரரை நம்பவா?

கேள்வி: வயது 26, கல்யாணமாகி ஏழு மாதம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்று கேரள எல்லை தாண்டிப் பாறசாலையில் ஐ-பில் என்ற அவசரக் கருத்தடை மாத்திரை வாங்கிப் போட்டேன். மாதவிடாய் நாலு நாள் தள்ளிவிட்டது. இனி குழந்தையே பிறக்காது என்கிறது ஒரு வீடியோ. 'வர வைக்க' கிட் தருகிறேன் என்கிறார் மெடிக்கல்காரர். யார் சொல்வது சரி? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: இரண்டுமே தப்பு. ஐ-பில் கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். அதனால் மாதவிடாய் ஒரு வாரம் முன்னே பின்னே ஆகலாம். கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வாரம் தாண்டினால் காலை முதல் சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் கார்டு டெஸ்ட் பாருங்கள்.

வலிப்புக்கோ காசநோய்க்கோ மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் மட்டும் காத்திருக்காமல் இன்றைக்கே பாருங்கள். ஃபெனிடாயின், கார்பமசெபின், ரிஃபாம்பிசின் போன்றவை ஐ-பில்லின் பலனைக் குறைத்துவிடும். 'ஃபிட்ஸ் வந்து வருஷமாச்சு, மாத்திரை மட்டும்தான் போடுறேன்' என்றாலும் சேர்த்திதான். காசநோய் மாத்திரை முடித்து ஒரு மாதம் ஆகாதவர்களும் அப்படியே. கணவர் வீட்டுக்குத் தெரியாமல் வலிப்பு மாத்திரை போடும் பெண்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அப்புறம் அந்த கிட். அதைத் தொடாதீர்கள். அது மாதவிடாய் வரவழைக்கும் மருந்து இல்லை, கருக்கலைப்பு மாத்திரை. கரு, கர்ப்பப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருந்தால் அது ஒன்றும் செய்யாது, குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும்போதும் 'மாத்திரை போட்ட வலிதான்' என்று வீட்டிலேயே படுத்திருப்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று அனுமதி உள்ள ஐ-பில் இங்கே பெரும்பாலான கடைகளில் கிடையாது, அதற்குக் களியக்காவிளை தாண்ட வேண்டும், ஆனால் சீட்டு இல்லாமல் தரவே கூடாத கிட் கவுண்டருக்கு அடியிலிருந்து வரும். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

வீடியோவில் நான் பார்ப்பது, கடைசியில் அதில் பேசுபவர் எதையாவது விற்கிறாரா என்பதைத்தான். கர்ப்பப்பை சுத்தம் செய்யும் லேகியத்துக்கு வாட்ஸ்அப் நம்பர் ஓடினால் மூடிவிடுங்கள். டாக்டர் என்று சொல்லிக்கொண்டால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் தளத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள்.

சந்தேகம் கேட்க 104 அரசு ஹெல்ப்லைன் இருக்கிறது. ஊர் நர்ஸம்மாவிடமும் கேட்கலாம், ஆனால் அவருக்கு உங்கள் மாமியாரையும் தெரிந்திருக்கும், சரி, ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே காலையில் போய்விடுங்கள். 'வீட்டுக்காரர் வரலையா, யார் கையெழுத்து போடுவா' என்று கேட்பார்கள். கருக்கலைப்புக்கே 18 வயது முடிந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்று 1971 சட்டம் சொல்கிறது. இதை இத்தனை வருஷம் கழித்தும் ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே விளக்க வேண்டியிருக்கிறது.

மாதாமாதம் பாறசாலைக்கு ஓட வேண்டாம். கருத்தடைக்குக் காப்பர் டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை மூன்றும் அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் குழந்தைக்கு முன்னால் காப்பர் டி வைக்கக் கூடாது என்று யாராவது சொல்வார்கள். வைக்கலாம்.