உழவாரன் வந்து தங்க என்ன செய்யலாம்?

கேள்வி: அல்சூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். எதிரே இருந்த பழைய வீட்டின் முகப்புக் கூரைக்கடியில் உழவாரன் (ஸ்விஃப்ட்) குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. சென்ற ஆண்டு அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அவற்றுக்கு இடம் தரலாமே என்று, இங்கிலாந்தில் பயன்படுத்தும் கூட்டுப்பெட்டியின் அளவுகளைத் தச்சரிடம் கொடுத்து இரண்டு பெட்டிகள் செய்து பால்கனியில் மாட்டினேன். ஒரு குருவிகூட எட்டிப் பார்க்கவில்லை. குருவியின் குரலை ஒலிக்கச் செய்தால் வரும் என்கிறார்களே, செய்யலாமா?
(வாசகி, பெங்களூரு)

பதில்: இடிந்துபோன வீட்டுக் குருவிகளுக்காகக் கவலைப்பட்டுக் கைக்காசு செலவழித்திருக்கிறீர்கள் என்பதைப் படித்தபோது மனம் நெகிழ்ந்தது. ஆனால் உங்கள் தச்சர் செய்திருக்கும் பெட்டி வேறோர் உழவாரனுக்கானது. ஐரோப்பாவின் உழவாரன் ஓட்டுக் கூரையின் இடுக்கிலும் சுவர்ப் பொந்திலும் நுழைந்து முட்டையிடும் பறவை; அதனால்தான் அங்கே பெட்டியில் 65 மில்லிமீட்டர் நீளமும் 28 மில்லிமீட்டர் உயரமும் உள்ள கிடைமட்ட வாயில் ஒன்றை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் மூடிவிடுகிறார்கள். நம் ஊர்க் கட்டடங்களில் வாழும் நாட்டு உழவாரனோ பொந்தைத் தேடுவதில்லை. தலைக்கு மேல் காங்கிரீட்டோ கல்லோ இருக்க வேண்டும், கீழே திறந்த வெளி இருக்க வேண்டும், பக்கத்திலேயே தன் இனத்தின் கூடுகள் ஒட்டி ஒட்டி இருக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்த மேற்கூரை மூலையையே அது விரும்புகிறது. கோயில் மண்டபம், பாலத்தின் அடிப்பகுதி, பழைய பங்களாவின் போர்டிகோ ஆகியவற்றில் அது குடியிருப்பது இதனால்தான்.

கீழே விழுந்துகிடந்த கூடு ஒன்றை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தேன். கோழியிறகு, காய்ந்த புல், சாக்குநூல் இழை ஆகிய எல்லாவற்றையும் குருவியின் எச்சில் பசைபோலப் பிடித்து வைத்திருந்தது; விரலால் தடவினால் மெல்லிய வார்னிஷ் பூசியது போன்ற வழவழப்பு. அந்த இறகுகளில் ஒன்றுகூடத் தரையிலிருந்து பொறுக்கியதல்ல; காற்றில் மிதந்து வருவதைப் பறந்தபடியே கவ்விச் சேர்த்தவை. உழவாரனின் நான்கு விரல்களும் முன்னோக்கியே இருப்பதால் அதற்குக் கிளையிலோ மின்கம்பியிலோ உட்காரத் தெரியாது. செங்குத்துச் சுவரைப் பற்றித் தொங்க மட்டுமே முடியும். கம்பியில் வரிசையாக அமர்ந்திருப்பவை தகைவிலான்கள் (ஸ்வாலோ) என்னும் வேறு பறவைகள்.

ஆகவே பெட்டிகளைக் கழற்றிச் சிட்டுக்குருவிக்குக் கொடுத்துவிடுங்கள். வாயிலின் உயரத்தைச் சற்றுக் கூட்டினால் அதற்குப் பொருந்தும். உழவாரனுக்காக, பால்கனி மேற்கூரையும் சுவரும் சேரும் மூலையில், சொரசொரப்பான சிமெண்டில் வார்த்த அரைக்கிண்ண வடிவம் மூன்று நான்கை நெருக்கமாகப் பதித்துப் பாருங்கள். தகைவிலான் கைவிட்ட மண்கூட்டை இந்தப் பறவை எடுத்துக்கொள்வதுண்டு என்பதால்தான் இந்த யோசனையைச் சொல்கிறேன். பளபளப்பான பெயிண்ட் அடித்த சுவரில் கால் நிற்காது. அந்த மூலைக்கு முன்னால் துணிக்கொடியோ புறா வலையோ இருக்கக் கூடாது, ஏனென்றால் உழவாரன் வேகமாக நேரே பாய்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். கிளம்பும்போது சற்றுக் கீழே விழுந்துதான் சிறகு விரிக்கும்.

குரலை ஒலிக்கச் செய்வது ஐரோப்பாவில் பலன் தந்திருக்கிறது. இணை சேராத இளம் பறவைகள் குரல் கேட்கும் இடத்தைக் கூட்டம் வாழும் இடமென்று நம்பி வந்து பார்க்கின்றன. இங்கேயும், உங்கள் தெருவுக்கு மேலே அவை கிரீச்சிட்டு வட்டமிடும் காலையிலும் மாலையிலும், சில நிமிடங்கள் மெல்லிய ஒலியில் முயன்று பார்க்கலாம். நாள் முழுவதும் ஒலிக்கவிடுவது அண்டை வீட்டாரையும் பறவைகளையும் சலிப்படையச் செய்யும். இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருக்க மனதைத் தயார்செய்து கொள்ளுங்கள். அதற்குள் செய்யத்தக்க இன்னும் பெரிய காரியம் ஒன்று உண்டு: உங்கள் தெருவில் இன்னும் எந்தக் கட்டடங்களில் கூடுகள் மிஞ்சியிருக்கின்றன என்று பார்த்து, அவற்றின் உரிமையாளர்களிடம் பேசுங்கள். புதிதாக நூறு கிண்ணம் பதிப்பதைவிட, ஏற்கெனவே குடியிருக்கும் ஒரு கூட்டத்தைக் கலைக்காமல் விடுவதே அவற்றுக்கு அதிகம் உதவும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெயிண்ட் அடிக்கப் போகிறார்கள். போர்டிகோவில் உள்ள உழவாரன் கூடுகள் எச்சமிட்டு அசிங்கப்படுத்துவதாகச் சொல்லி அகற்ற நினைக்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது?
(வாசகர், ஜீவன்பீமா நகர்)

பதில்: கூடு முட்டைக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். நாட்டு உழவாரன் குஞ்சு பொரித்த பிறகும் இரவில் அதே கூட்டுக்குத்தான் உறங்க வருகிறது. ஆண்டுக்காண்டு அதையே செப்பனிட்டுப் பயன்படுத்துகிறது. எனவே குஞ்சுகள் பறந்துவிட்டால் அகற்றலாம் என்ற சமாதானம் இங்கே பொருந்தாது. போர்டிகோவின் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களில் பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். எச்சத்துக்கு, கூட்டுக்குக் கீழே, தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே, ஒரு பலகையை அடித்து மாதம் ஒருமுறை துடைத்தால் போதும். முதல் கோடைமழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் ஈசலையும், பறக்கும் எறும்பையும், கொசுவையும் அவை பறந்தபடியே உண்கின்றன என்பதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னால், கேட்பவர்கள் இருப்பார்கள்.

கேள்வி: உழவாரன் ஒன்று மொட்டைமாடியில் விழுந்து கிடந்தால் மேலே வீசிவிடலாமா?
(வாசகி, சிவாஜி நகர்)

பதில்: வீசவே கூடாது. கால்கள் மிகக் குட்டையானவை, சிறகுகள் மிக நீளமானவை என்பதால் தரையிலிருந்து எழும்ப அது சிரமப்படும். காற்றோட்டத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்து ஒரு மணி நேரம் இருட்டில் வையுங்கள்; வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சோறோ பாலோ கொடுக்காதீர்கள். பிறகு திறந்தவெளியில், விரித்த உள்ளங்கையில் வைத்துத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். சில நொடிகள் உடல் நடுங்கும். பிறகு தானாகவே கிளம்பும். கிளம்பவில்லை என்றால் காயம் இருக்கலாம். வனவிலங்கு மீட்பு மையத்தில் அன்றே ஒப்படையுங்கள்.