மீன் தொட்டியில் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஒரே வாரத்தில் 7.2-லிருந்து 6-க்கு இறங்கியது ஏன்?

செங்கோட்டைப் பக்கம், 100 லிட்டர் தொட்டி, ஆனியில் கூரை மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றினேன் என்கிறீர்கள். காரணம் அந்த மழைத்தண்ணீர்தான். புளியரையில் எனக்கும் இப்படி ஆகி, கப்பி மீன்கள் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் ஒண்டிக் கிடந்தன.

மழைத்தண்ணீரில் கார்பனேட் இருக்காது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்; அதை முறிப்பது கார்பனேட். அது தீர்ந்ததும் பிஎச் சட்டென்று விழும். முதலில் கேஎச் (தண்ணீரில் உள்ள கார்பனேட்டின் அளவு), அம்மோனியா இரண்டையும் டெஸ்ட் கிட்டில் பாருங்கள்.

அவசரப்பட்டு ஒரே நாளில் பிஎச்சை ஏற்றிவிடாதீர்கள், தயவுசெய்து. பிஎச் 6-ல் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியமாக, அதிகம் தீங்கில்லாமல் கிடக்கும். பிஎச் ஏறினால் அதுவே விஷமாக மாறும். நிறைய மீன்கள் சாவது இந்த இடத்தில்தான்.

தினமும் 10 லிட்டர் மட்டும், போர் தண்ணீர் (குளோரின் கலந்திருந்தால் நீக்கிவிட்டு) மாற்றுங்கள். அம்மோனியா குறைந்த பிறகும் கேஎச் ஏறவில்லையா? ஆப்ப சோடா அரை டீஸ்பூன் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கேஎச் சுமார் 1 டிகிரி ஏறும். அப்புறம் ஒரு கைப்பிடி சிப்பி ஓட்டைக் கழுவி, துணியில் முடிந்து ஃபில்டரில் போட்டுவையுங்கள். மெதுவாகக் கரைந்து கேஎச் இறங்காமல் தாங்கும்.