டப்பா என்றால் அவ்வளவு இளக்காரமா?

கேள்வி: அமெரிக்காவில் ஆண்டி வார்ஹோல் என்பவர் சூப் டப்பாவை ஸ்கிரீன் பிரிண்ட் போட்டு மாட்டினாராம். அதை மியூசியத்தில் வேறு வைத்திருக்கிறார்களாம். ஒரு டப்பாவைப் போய்க் கலை என்பது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: அந்தப் ‘போய்’தான் சுடுகிறது. ஓடாத படம் டப்பா படம், ஓடுகிற பஸ்ஸும் டப்பா பஸ், புரியாமல் படித்தால் டப்பா அடிக்கிறான். இத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு மாசக் கடைசியில் பால்காரருக்குப் பணம் எடுத்துக் கொடுப்பது எது? கடுகு டப்பா! வார்ஹோலுக்கும் இந்தச் சூட்சுமம் தெரியும் போல. 1962இல் சூப் டப்பா வரைந்த கையோடு, ஒரு டாலர் நோட்டுகள் 200ஐ வரிசையாக ஸ்கிரீனில் அச்சடித்தார். 2009இல் அந்தப் படம் நாலு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. எங்கள் வீட்டுக் கடுகு டப்பா இதுவரை அவ்வளவு தந்ததில்லை.

ஒரு திருத்தம். நியூயார்க் மியூசியத்தில் இருக்கும் 32 டப்பாக்களும் கையால் வரைந்தவை, ருசிக்கு ஒன்றாக. அடியில் ஓடும் பூ வரிசை மட்டும் முத்திரை குத்தியது. லாஸ் ஏஞ்சலஸில் முதலில் மாட்டியபோது ஒன்று 100 டாலர். கடைசியில் அங்கே மாட்டிய ஓவியக் கேலரிக்காரரே மொத்தத்தையும் 1,000 டாலருக்கு வாங்கிக்கொண்டார், அதுவும் மாதம் 100 வீதம் தவணையில்.

ஸ்கிரீன் அப்புறம்தான் வந்தது. அதில் நிறத்துக்கு ஒரு ஃபிரேமாக வைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடிப்பார்கள். நிறம் தள்ளி விழுந்தால் வார்ஹோல் அப்படியே விட்டுவிடுவார். மர்லின் மன்றோவின் உதடு ஓரிடம், சிவப்பு ஓரிடம். என் கல்யாணப் பத்திரிகையும் ஸ்கிரீன் பிரிண்ட்தான். ஃபிரேம் அசைந்து, பிள்ளையாரின் மஞ்சள் இரண்டு நூல் தள்ளி விழுந்து, தும்பிக்கை இருக்கவேண்டிய இடத்தில் கொழுக்கட்டை. மாமனார் முந்நூறையும் திருப்பி அடிக்கச் சொன்னார். அடித்தார்கள், இந்தத் தடவை என் பெயர் தள்ளி விழுந்தது. அது பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்.

பெயர் என்றதும் என் பழைய புலம்பல் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். லேபிள் வரைகிறவர் பெயரை யாரும் போடுவதில்லை. 1964இல் வார்ஹோல் ஒரு கண்காட்சியில் பிரில்லோ பெட்டிகளை வைத்தார். பாத்திரம் தேய்க்கும் சோப்பு நார் அடைத்து வரும் அட்டைப்பெட்டி. இவர் பிளைவுட்டில் செய்து, அதே எழுத்தை ஸ்கிரீனில் அடித்தார். கடையில் இருந்த அசல் பெட்டியை வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹார்வி. அவரும் ஓவியர்தான், அரூப ஓவியம். வயிற்றுப்பாட்டுக்குப் பெட்டி டிசைன். தன் பெட்டி கலையாகிவிட்டதை அந்தக் கண்காட்சிக்கே போய்ப் பார்த்தார். மறுவருடம் இறந்துவிட்டார்.

ஏமாற்று வேலையா என்று கேட்டீர்கள். உங்கள் கேள்வியிலேயே பாருங்கள், ஓவியர் பெயர் இருக்கிறது. அந்தச் சிவப்பு வெள்ளை சூப் லேபிளை முதலில் போட்டவர் பெயர் எங்கே?